ஹால் டிக்கெட்டில் இருந்த முடி

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர், என்னை அவரிடம் கூட்டி வந்த அறைக் கண்காணிப்பாளர் அம்மா, வாசலோரம் ஒரு பெண் போலீஸ், பீரோ பக்கத்தில் ஓர் அலுவலக உதவியாளர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில், என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது கல்யாண மண்டபத்தில் கேமராவோடு நின்றிருப்பார். அன்றைக்கு அந்த அறையில் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஆள்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேசைமேல் என் முகம் இரண்டு இடத்தில் கிடந்தது. ஹால் டிக்கெட்டில் இருந்தவனுக்கு முடி வழவழவென்று வகிடு எடுத்துப் படிந்திருந்தது. நிறமும் என்னைவிட வெளுப்பு. ஆதார் அட்டையில் இருந்தவன் மொட்டை. வயது பதின்மூன்று, காது இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. மேசைக்கு முன்னால் நின்ற மூன்றாமவனுக்குத் தலை முழுக்கச் சுருட்டை. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் அது இன்னும் ஜாஸ்தியாகக் கிளம்பி, நெற்றிக்கு மேல் கூடை கவிழ்த்ததுபோல நின்றது.

“இதுல நீ யாருப்பா?” என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர்.

“மூணுமே நான்தான் சார்.”

“மூணுமே நீயா? நல்லவேளை, நாலாவதா ஒண்ணு கொண்டாராம வுட்டியே.”

அலுவலக உதவியாளர் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கிவிடும்.

அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கான தேர்வு அது. அதற்காக இரண்டு வருடம் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாவதோடு நின்றவர். கடலூர் முதுநகர் கூட்ஸ் ஷெட்டில் லோடுமேன். உர மூட்டை, அரிசி மூட்டை, எது வந்தாலும் தலையில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. தேர்வுக்கு முதல் நாள் கூட்ஸ் ஷெட்டில் எல்லோரிடமும், “நாளைக்கி எம் புள்ள சிதம்பரத்துல கவர்மெண்டு பரீட்ச எழுதுறான்” என்று அப்பா சொல்லியிருந்தார். லீவு போட்டுவிட்டு என்கூட வந்திருந்தார்.

ஆதார் அட்டையில் இருந்த அந்த மொட்டைக்குக் காரணம் அம்மா. நான் பிறந்ததிலிருந்து என் முடி அவளுக்குக் கவலை. மொட்டை போட்டால் அடுத்த முடி நேராக முளைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று வயதில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதின்மூன்றில் ஒன்று. நான்கு முறை திருவந்திபுரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மழித்தாள். வேண்டுதல் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாள். எனக்குத் தெரியும், சாமிக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் கழித்து என் தலையைத் தடவிப் பார்ப்பாள். குட்டிக் குட்டியாகச் சுருண்டிருக்கும். “சனியன், மறுபடியும் சுத்திக்கிச்சு” என்பாள். அழமாட்டாள். ஆனால் அன்றைக்குச் சோறு போடும்போது கரண்டிச் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

நான்காவது மொட்டை போட்ட அதே வாரம் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம். அப்படியே உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பதினைந்து வயதுக்கு மேல் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. படித்தவன் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு என் பெயரே கிடையாது. தேங்கா நாரு. குருவிக்கூடு. மேகி. ஏழாவதில் விளையாட்டு வாத்தியார் ஒருவர் என் முடிக்குள் பென்சிலைச் செருகி, “ஓடுடா” என்பார். மைதானத்தைச் சுற்றி வந்தும் பென்சில் விழவில்லை என்றால் எல்லோரும் கைதட்ட வேண்டும். நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன். சிரிக்காமல் ஓடினால் இன்னும் ஒரு பென்சில் செருகுவார்.

“முடிய அடக்குடா” என்பதுதான் நான் அதிகம் கேட்ட வார்த்தை. வாத்தியார் சொன்னார், முடிவெட்டுகிறவர் சொன்னார், கல்லூரி விடுதி வார்டன் சொன்னார். சுருட்டை முடிக்காரன் ஏதோ சண்டைக்கு வந்துவிட்டான் என்பதுபோலத்தான் எல்லோரும் பேசினார்கள். அரை அங்குலத்துக்கு வெட்டினாலும் அவர்கள் கண்ணுக்கு அது அடங்கவில்லை. எண்ணெய் வைத்தால் ரௌடி, வைக்காவிட்டால் காட்டான். முடியைப் பார்த்த கையோடு அடுத்த கேள்வி வரும்: “நீ எந்த ஊரு?” ஊரைச் சொன்னால், “அங்க எந்தப் பக்கம்?” அந்த “எந்தப் பக்கம்” எதற்கு என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். கேட்கிறவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். இருந்தாலும் கேட்பார்கள்.

சரி, ஸ்டுடியோ. விண்ணப்பத்தில் ஏற்றுவதற்குப் படம் வேண்டும். “செல்லுல எடுத்துக்கிறேம்ப்பா” என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “பெரிய எடத்துக்குப் போற போட்டோ. முறையா எடுக்கணும்” என்று அரைநாள் வேலையை விட்டுவிட்டுத் திருப்பாதிரிப்புலியூருக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்து முடித்ததும் சர்டிஃபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது படம் தயாராக இருந்தது. அதில் இருந்தவனுக்கு நேர்முடி.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்றால் அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒரு இடத்தில்தான். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தேன். பஸ்ஸில் இரண்டு முறை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லோர் முகத்தையும் வெளுப்பாக்குகிற மாதிரி ஸ்டுடியோக்காரர் தானாகவே முடியையும் நீட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் அம்மா அன்று தவறு ஒன்றும் செய்யவில்லை. ஆள் மாறாட்டம் நடக்கிற காலம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறதே. “சார், இவன் தலையப் பாத்தாலே எனக்கு டவுட்டு” என்றார். தலையைப் பார்த்தாலே. கையெழுத்தைப் பார்க்கவில்லை, பிறந்த தேதியைக் கேட்கவில்லை.

நானே கேட்டேன். “சார், கையெழுத்துப் போட்டுக் காட்டுறேன் சார்.”

ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று முறை போட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டதில் மூன்றும் மூன்று விதமாக வந்தது.

“போட்டோவும் மூணு, கையெழுத்தும் மூணு” என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர். “எந்த ஊரு?”

“முதுநகர் சார்.”

“முதுநகர்ல எந்தப் பக்கம்?”

சொன்னேன். அவர் “ம்” என்றார். அந்த “ம்” எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

பெண் போலீஸ்தான் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். “தண்ணி தொட்டு வாரச் சொல்லிப் பாருங்க சார். படிஞ்சா மூஞ்சி தெரிஞ்சிடும்.”

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துக் குழாயில் தலையைக் காட்டினேன். அலுவலக உதவியாளர் தன் சட்டைப் பையிலிருந்த சீப்பைக் கொடுத்தார். “பல்லு ஒடஞ்சா புதுசு வாங்கித் தரணும் மச்சான்” என்றார். அவருக்கு என் அப்பா வயது. அரசு வேலைக்கான தேர்வு எழுத வந்த நான், அரசு அலுவலக உதவியாளரின் சீப்பால், காக்கிச் சட்டை பார்த்துக்கொண்டிருக்க, என் தலையை என் போட்டோ மாதிரி ஆக்க முயன்றுகொண்டிருந்தேன். சட்டைக் காலர் வழியாகத் தண்ணீர் முதுகில் இறங்கியது. மேலே ஜன்னல்களில் மற்றவர்கள் இடம் தேடி உட்காருவது தெரிந்தது. சிலர் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே போய் நின்றேன். ஹால் டிக்கெட்டை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். “கிட்டத்தட்ட வருது” என்றார் அந்த அம்மா. முதன்மைக் கண்காணிப்பாளர் யாருக்கோ போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து நிமிடத்தில் முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுருளாக எழுந்தது. என் தலையில் அது எழுவதை நான் அவர்கள் கண்ணில் பார்த்தேன். ஒன்பதரை மணி அடித்தது.

அந்த அறைச் சுவரில் நடராசர் படம் மாட்டியிருந்தது. சடையை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எந்தச் சுவரிலும் அவர்தான். பூ வைத்திருந்தார்கள். அவரை யாரும் தண்ணீர் தொட்டு வாரச் சொல்லவில்லை.

“கூட யாரு வந்திருக்கா?” என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர்.

“அப்பா வந்திருக்காரு சார். வெளிய இருக்காரு.”

பெண் போலீஸ் போய்க் கூட்டிவந்தார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. என் ஈரத் தலையைப் பார்த்தார். தலையில் வழக்கம்போலத் துண்டு கட்டியிருந்தார். அது அவர் வேலைக்கான துண்டு. மூட்டைக்கு அடியில் சும்மாடாகச் சுற்றிவைப்பது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அது இல்லாமல் அவர் வீதியில் நடந்து நான் பார்த்ததில்லை.

“இது ஒம் மவனா?”

“ஆமாங்கய்யா.”

“போட்டோவுல வேற மாரி இருக்கானே. ஒம் மவன்தான்னு எப்பிடி நம்புறது?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரேஷன் கார்டு வீட்டில் இருந்தது. அப்போதுதான் அந்த அலுவலக உதவியாளர் சொன்னார்: “சார், துண்ட எடுக்கச் சொல்லுங்க சார்.”

“எடுய்யா, பாப்போம்.”

அப்பா துண்டை அவிழ்த்தார்.

உச்சியில் மூட்டை தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அதைச் சுற்றிக் காது வரைக்கும், பிடரி வரைக்கும், நரையும் கறுப்புமாக, நெருக்கமாகச் சுருள். என்னுடையதேதான். பக்கத்தில் நின்ற என்னையும் அவரையும் அவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அச்சு அசல் சார்!”

“டி.என்.ஏ. டெஸ்ட்டெல்லாம் எதுக்குய்யா? தலையே சாட்சி சொல்லுது” என்றார் முதன்மைக் கண்காணிப்பாளர்.

அப்பாவும் சிரித்தார். அவர்கள் சிரித்ததால் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பை அந்த இடத்திலேயே பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஐயாவுக்கு முன்னால் துண்டை எடு என்று சொல்வது எந்தக் காலத்துப் பழக்கம் என்று நான் படித்திருக்கிறேன். தேர்வுப் பாடத்திலேயே இருந்தது. அதற்கு எதிராக யார் யார் போராடினார்கள் என்று கேள்விகூட வரும். பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான், என் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதை, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம் போய்விடும்.

“யாருய்யா போட்டோவ இப்பிடிப் பண்ணச் சொன்னது?”

அப்பா தரையைப் பார்த்தார். “ஸ்டுடியோக்காரன் பண்ணிட்டாங்கய்யா. எங்களுக்கு என்னா தெரியும்?”

நான் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். அப்பா கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அதைப் போட அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தையும் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இடத்தில் போய் உட்கார்ந்தபோது மணி பத்தைத் தாண்டி எட்டு நிமிடம். விடைத்தாளில் இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டியது. சட்டைக் கையால் ஒற்றினேன். கூடுதல் நேரம் கேட்டேன். “அதெல்லாம் எங்க கையில இல்ல தம்பி” என்றார் அந்த அம்மா, இப்போது ரொம்ப மென்மையாக. கடைசி இருபத்தாறு கேள்விகளைப் படிக்காமலேயே வட்டம் நிரப்பிவிட்டு வந்தேன்.

முடிவு வந்தபோது எனக்கும் வேலைக்கும் நடுவில் மூன்று கேள்வி இருந்தது.

கூட்ஸ் ஷெட்டில் கேட்டவர்களிடம், “அடுத்த தடவ கெடச்சிடும்” என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நேராக அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கத்தினேன்.

“யாரக் கேட்டு என் முடிய நீட்டுனீங்க? ஒங்க அழகு எவனுக்கு வேணும்? என் வேலையே போயிடுச்சு தெரியுமா?”

ஸ்டுடியோக்காரர் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். என் முகம். என் நிறம். தலை நிறையச் சுருட்டை.

“இதான் தம்பி நான் எடுத்தது. இதையேதான் பிரிண்டு போடப் போனேன். ஒங்கப்பாதான் வேணாம்னாரு.”

“எங்கப்பாவா?”

“நீ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த. ‘முடிய நீட்டி, கலரையும் கொஞ்சம் ஏத்திடுங்க. பாத்தா எங்க வூட்டுப் புள்ள மாரித் தெரியக் கூடாது’ன்னாரு. நான் சொன்னேன், பரீட்சைக்குன்னா இப்பிடியே இருக்கட்டுங்கன்னு. கேக்கல. அதுக்குத் தனியாத் துட்டும் குடுத்தாரு. எங்கிட்ட வந்து கத்துற.”

காத்திருந்தவர்களில் ஒருவர் செல்போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

எங்க வூட்டுப் புள்ள மாரித் தெரியக் கூடாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த வரி கூடவே வந்தது. அந்த அறையில் துண்டை அவிழ்த்து, இது என் வீட்டுப் பிள்ளைதான் என்று காட்டியவரும் அதே ஆள்தான்.

வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏம்ப்பா சொன்ன?”

அவருக்குப் புரிந்துவிட்டது. ரசச் சோற்றைப் பிசைந்தார்.

“போனியா அவங்கிட்ட?”

“போனேன். அத்தன பேரு முன்னாடி அவனத் திட்டிட்டேன். ஏம்ப்பா சொன்ன?”

“ஒனக்கு வேல கெடைக்கணும்னுதான்டா.”

“போட்டோவப் பாத்தா வேல குடுக்குறான்? பரீட்சடா... பரீட்சப்பா அது! மார்க்கப் பாத்துக் குடுக்குறது!”

“ஒனக்கு மார்க்கப் பாப்பான்” என்றார் அப்பா. குரல் ஏறவில்லை. “என்னிய எவன் மார்க்கப் பாத்தான்? தலையப் பாத்தான், மூட்டையத் தூக்கி வச்சான். நீயும் அப்பிடியே போயி நிக்கணுமா?”

“அதுக்கு?”

“அதுக்கு என்னா அதுக்கு. ஒங்கம்மா நாலு மொட்ட போட்டும் ஆவாதத அவன் ரெண்டு நிமிசத்துல பண்ணான். நல்லாதான் இருந்துச்சு. நீயும்தான் பாத்துச் சிரிச்ச.”

அம்மா, “என்னிய ஏன் இழுக்குற?” என்றாள்.

நான் சிரித்தது உண்மை. யார்மேல் கோபப்படுவது என்று நின்றபடியே யோசித்தேன். கண்காணிப்பாளர்மேல், அந்தச் சீப்புக்காரர்மேல், பென்சில் செருகிய வாத்தியார்மேல், அம்மாமேல், அப்பாமேல், பஸ்ஸில் இரண்டு முறை உறையைத் திறந்து பார்த்த என்மேல். ஒருவரையும் விட மனம் வரவில்லை. இன்றுவரைக்கும் விடவில்லை. ஆதாரில் படம் மாற்றிவிட்டேன். சுருட்டையோடுதான். இந்த வருட விண்ணப்பத்திலும் அப்படியே. முடியை வெட்டிக்கூடக் கொள்ளவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அன்றைக்கு அப்பா எழுந்து கொல்லைப்புறம் போனார். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெறுந்தலையோடு தொட்டி பக்கத்தில் குனிந்து கையைக் கழுவினார்.

“எவ்ளோ குடுத்த அவனுக்கு, தனியா?” என்றேன் பின்னாலிருந்து.

திரும்பாமலே சொன்னார்.

“அம்பது ரூவா.”